ஜன்னல் இறங்கியிருந்தது: டெத் வேலியில் ஏசி இல்லாமல் போன ஒரு கார்

2023 ஜூலை 3, திங்கட்கிழமை. கலிஃபோர்னியாவில் உள்ள டெத் வேலி தேசியப் பூங்காவின் வடக்கு நெடுஞ்சாலை. காலை 10 மணி வாக்கில், சாலையை விட்டு சுமார் 30 கெஜம் தள்ளி ஒரு கார் நிற்பது பூங்காவின் பராமரிப்புப் பணியாளர்கள் கண்ணில் படுகிறது. உள்ளே ஒரு முதியவர். உயிர் இல்லை.

பூங்கா நிர்வாகம் பிறகு வெளியிட்ட அறிக்கை சில பத்திகள்தான். ஆனால் பாலைவனத்தில் வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு விஷயம் அடங்கிய அறிக்கை வேறு இல்லை. கார் ஓடும் நிலையில் இருந்தது. எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை. இரண்டு டயர்களில் காற்று இல்லை. சக்கரத் தடத்தைப் பார்த்தால், சாலையை விட்டு விலகிப் போன கார், திரும்பவும் தார்ச்சாலைக்கு வரப் பார்த்து ஒரு கல் வரப்பின் மேல் ஏறி இறங்கியதுபோல் இருந்தது. மீட்புக் குழுவினர் ஏசியைப் போட்டுப் பார்த்தார்கள், வேலை செய்யவில்லை. ஓட்டுநர் பக்க ஜன்னல் இறங்கியிருந்தது. முந்தைய நாளின் அதிகபட்ச வெப்பம் 52 டிகிரி செல்சியஸ். இரவில் பள்ளத்தாக்கின் குறைந்தபட்ச வெப்பமே 36 டிகிரிக்கு மேல்.

முதற்கட்ட விசாரணையின் முடிவு: வெப்பத்தால் உடல் நிலைகுலைந்து அவர் சாலையை விட்டு விலகியிருக்கலாம், டயர்கள் போனது அதற்கப்புறம். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வண்டி நின்றுபோய் ஆள் வெயிலில் மாட்டிக்கொண்ட கதை இல்லை இது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டியவர் தளர்ந்துவிட்டார். பாலைவனப் பயணம் என்றதும் நாம் பயப்படுவது என்ஜின் கொதித்து நடுவழியில் நிற்பதைத்தான். இங்கே என்ஜின் தன் வேலையைச் செய்தது. போனது ஏசி மட்டும்தான். ஏசி போனால் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார்: ஜன்னலை இறக்கியிருக்கிறார்.

அந்த ஜன்னலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப் போகிறேன்.

இடம்

டெத் வேலி, அதாவது மரணப் பள்ளத்தாக்கு. கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடாவை ஒட்டி இருக்கிறது. பூங்காவின் பரப்பு சுமார் 13,650 சதுர கிலோமீட்டர். அதன் தாழ்ந்த இடமான பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. இரு பக்கமும் உயர்ந்த மலைத்தொடர்கள். தரையில் சூடான காற்று மேலே எழும்பி, மலையைத் தாண்டிப் போக முடியாமல் மறுபடி பள்ளத்துக்கே இறங்குகிறது, இறங்கும்போது அழுத்தப்பட்டு இன்னும் சூடாகிறது. மூடி போட்ட வாணலி மாதிரி. 1913 ஜூலை 10 அன்று இங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரிதான் இன்றுவரை உலகச் சாதனை. 1972 ஜூலையில் ஒரு நாள் தரையின் வெப்பத்தை அளந்தபோது 93.9 டிகிரி காட்டியது. தண்ணீர் கொதிக்க ஆறு டிகிரிதான் பாக்கி.

பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசிச் சிக்னல் கிடையாது. 2015 அக்டோபரில் வந்த வெள்ளம் வடகோடியில் உள்ள ஸ்காட்டி கோட்டைப் பகுதியைச் சிதைத்துவிட்டது. அதோடு அந்தக் கோட்டை பல ஆண்டுகள் மூடப்பட்டது, அதைப் பார்க்க வரும் கூட்டமும் வடக்கு நெடுஞ்சாலையில் இல்லாமல் போனது. ஜூலை மாதத்தில் அந்தச் சாலையில் இன்னொரு வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஜன்னலைத் திறந்தால் என்ன ஆகும்

நம் ஊரில் பேருந்து ஏறியதும் ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொள்வோம். காற்று வரும். அந்தப் பழக்கம் சரியானதுதான், 35 டிகிரி வரைக்கும். தோலின் வெப்பம் ஏறத்தாழ 35. வீசும் காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடம்பிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும், வேர்வையையும் உலர்த்தும், இரட்டை லாபம். காற்று 40ஐத் தொட்டதும் முதல் லாபம் நஷ்டமாகிவிடுகிறது. கத்திரி வெயிலில் மதியம் 2 மணிக்கு வேலூர்ப் பக்கம் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னலோரத்தில் இருப்பவரே ஷட்டரை இறக்கிவிடுவார். முகத்தில் அனல் அடிக்கும். யாரும் பாடம் எடுக்காமலே உடம்பு புரிந்துகொண்ட இயற்பியல் அது.

52 டிகிரியில் என்ன நடக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஓடும் காரின் திறந்த ஜன்னல் வழியாக வரும் காற்று உடம்பின் மேல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோலுக்கும் காற்றுக்கும் 16, 17 டிகிரி வித்தியாசம். அந்தக் காற்று மட்டுமே சுமார் 500 வாட் வெப்பத்தை உடம்பில் ஏற்றும். உட்கார்ந்து ஓட்டும் உடம்பு தானாக உண்டாக்கும் வெப்பம் 100 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடி வழியே அடிக்கும் வெயில் இன்னொரு 100 என்று சேர்த்தால், மொத்தம் 700ஐத் தாண்டுகிறது. வீட்டு மிக்ஸி ஒன்று ஓட எடுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். மிக்ஸியைச் சட்னி அரைத்ததும் நிறுத்திவிடுவோம். இங்கே நிறுத்த வழியில்லை.

இவ்வளவு வெப்பத்தையும் வெளியேற்ற உடம்பிடம் இருப்பது ஒரே ஆயுதம், வேர்வை. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வேர்வை முழுதாக உலர்ந்தால் சுமார் 670 வாட் வெளியேறும். ஆக, மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேர்த்தால்தான் கணக்கு நேராகும். வெயிலில் ஓடிப் பழகிய இளம் உடம்பு இதைச் சில மணி நேரம் தாங்கும். வயதானால் வேர்வை குறையும், தாகம் மெதுவாகத்தான் தெரியும், ரத்தத்தைத் தோலுக்குத் தள்ள இதயம் திணறும்.

இதில் ஒரு வஞ்சகம் வேறு. பாலைவனக் காற்று எவ்வளவு வேர்வை வந்தாலும் உடனே குடித்துவிடும். சட்டை நனையாது, நெற்றியில் ஒரு துளி நிற்காது. சென்னைப் புழுக்கத்தில் வளர்ந்த நமக்கு, வேர்க்கவில்லை என்றால் பரவாயில்லை என்று தோன்றும். உப்புப் பூத்த சட்டைக் காலரைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் 12 ஆண்களை இரண்டு மணி நேரம் மின்விசிறிக்கு முன்னால் உட்கார வைத்துச் சோதித்தார்கள். 40 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றபோது விசிறி உதவியது. 47 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றபோது விசிறி இல்லாமல் இருந்ததைவிட உடம்பின் வெப்பமும் இதயத்தின் சுமையும் கூடின. 47இலேயே இந்த நிலைமை என்றால், அந்தக் காரில் விசிறியின் இடத்தில் இருந்தது 52 டிகிரியில் ஓடும் வண்டியின் எதிர்காற்று.

சரி, ஜன்னலை மூடிக்கொண்டால்? அதுவும் ஆகாது. ஏசி இல்லாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெயில் உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஓடும் காரில் அவ்வளவு ஏறாது என்றாலும், 52க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் கூடுதல்தான். திறந்தாலும் கெடுதி, மூடினாலும் கெடுதி. இரண்டுக்கும் நடுவே ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கி, உடம்பை முழுக்கத் துணியால் மூடி, அந்தத் துணியை நனைத்துக்கொண்டே இருப்பதுதான் இருப்பதில் நல்ல வழி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஏசி ஏன் அங்கே போய்க் கைவிடுகிறது

நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே போனதும் நின்றுவிட்டது என்று பலர் சொல்வார்கள். தற்செயல் மாதிரித் தெரியும். பெரும்பாலும் தற்செயல் இல்லை.

ஏசியின் வேலை உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுவது. கொட்டும் இடம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸர். வெளிக்காற்று 35 டிகிரி என்றால் உள்ளே ஓடும் வாயு 50, 55 டிகிரிக்குச் சூடாக இருந்தால் போதும், காற்று அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளியே 52 என்றால் வாயு 65, 70 டிகிரிக்காவது போக வேண்டும். பல கார் ஏசிகளில் ஓடும் ஆர்-134ஏ வாயுவை அந்த வெப்பத்தில் திரவமாக்க 20 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல எட்டு, ஒன்பது மடங்கு. கம்ப்ரஸர் அவ்வளவு அழுத்தி உழைக்கிறது, என்ஜின் அதை இழுக்கிறது. கொஞ்சம் வாயு கசிந்த ஏசி, புழுதி அடைத்த கண்டென்ஸர், மெதுவாகச் சுற்றும் விசிறி, இவையெல்லாம் ஊரில் தெரியவே தெரியாது. சுமாராகக் குளிர்ந்தாலே திருப்தி அடைந்துவிடுவோம். 52இல் சுமார் என்பது இல்லை என்பதற்குச் சமம்.

இன்னொன்று, என்ஜின் சூடேறினால் பல கார்களில் கணினியே கம்ப்ரஸரைத் துண்டித்துவிடும். என்ஜினைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. உள்ளே இருக்கும் ஆளைப் பற்றி அதற்குத் தெரியாது.

உலகத்தின் பெரிய கார் நிறுவனங்கள் புது மாடல்களைக் கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட உறையால் மறைத்து, கோடையில் இதே டெத் வேலிக்குத்தான் சோதனைக்குக் கொண்டுவருகின்றன. இங்கே தாங்கும் ஏசி எங்கேயும் தாங்கும் என்று கணக்கு. ஆனால் அவர்கள் ஓட்டுவது புத்தம் புதிய வண்டி, உதவிக்குப் பின்னால் இன்னொரு வண்டி வரும்.

ஏசியை நிறுத்தச் சொல்லும் பலகை

இந்தப் பக்கத்துச் சாலைகளில் செங்குத்தான ஏற்றங்களுக்கு முன்னால் ஒரு பலகை இருக்கும்: என்ஜின் சூடாகாமல் இருக்க ஏசியை நிறுத்துங்கள். ஸ்டவ்பைப் வெல்ஸ் கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே டவுன் கணவாய்க்கு 27 கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டர் ஏற வேண்டும். மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்று குறைவு, என்ஜினுக்கு வேலை அதிகம், அதற்கு முன்னாலேயே கண்டென்ஸர் கொட்டிய சூடான காற்று. நிறுத்தச் சொல்வது நியாயம்தான். சாலையோரத்தில் ரேடியேட்டருக்கென்றே தண்ணீர்த் தொட்டிகள்கூட வைத்திருந்தார்கள். என்ஜின் முள் சிவப்பை நெருங்கினால் பழைய கை ஓட்டுநர்கள் ஹீட்டரைப் போடுவார்கள். என்ஜின் சூடு கொஞ்சம் ஹீட்டர் வழியாக இறங்கும், உட்கார்ந்திருப்பவர் வேகுவார்.

என்ஜினைக் காக்க ஆளை வாட்டு என்று அந்தப் பலகை சொல்லும்போது, அது எத்தனை நிமிடத்துக்குத் தாங்கும் என்பது ஆளைப் பொறுத்தது. இன்றைய கார்களில் ரேடியேட்டரும் விசிறியும் நன்றாக இருந்தால் பலருக்கு நிறுத்தவே தேவைப்படுவதில்லை. முள்ளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பது என் கட்சி. குழந்தையோ வயதானவரோ வண்டியில் இருந்தால், ஏசியை நிறுத்தி ஏறுவதைவிட, அந்த ஏற்றத்தை அதிகாலைக்குத் தள்ளிப்போடுவது மேல்.

கை தடுமாறுவதற்கு முன்பே

மறுபடி அந்தச் சக்கரத் தடத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 2015இல் ஒரு சோதனை செய்தார்கள். ஓட்டுநர்களை நின்ற இடத்திலேயே ஓட்டும் ஒரு சிமுலேட்டர் காரில், சலிப்பூட்டும் நீண்ட சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்ட வைத்தார்கள். நன்றாகத் தண்ணீர் குடித்த நாளில் 47 தவறுகள். மணிக்கு 25 மில்லி மட்டும் குடித்த நாளில் 101. தடம் மாறுவது, பிரேக்கைத் தாமதமாக மிதிப்பது, ஓரக்கோட்டைத் தொடுவது போன்றவைதான் அந்தத் தவறுகள். இத்தனைக்கும் அங்கே வெப்பம் கிடையாது, லேசான நீரிழப்பு மட்டும்.

வெப்பம் சேர்ந்தால் இதைவிட மோசம். உள்வெப்பம் 40ஐ நெருங்கும்போது குழப்பம் வரும். தலை சுற்றுகிறது, நிறுத்தலாம் என்று தீர்மானிக்க வேண்டிய மூளைதான் முதலில் மங்குகிறது. தலைவலி, குமட்டல், எரிச்சல் எல்லாம் பயணக் களைப்பு மாதிரியே இருக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால், "என்னங்க, பேச்சு குளறுது" என்று சொல்வார்கள். தனியாக ஓட்டுபவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

ஓராண்டு கழித்து, 2024 ஜூலை 6 அன்று, ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் பேட்வாட்டர் பக்கம் போனார்கள். 53 டிகிரி. ஒருவர் இறந்தார், இன்னொருவர் கடுமையான வெப்பப் பாதிப்போடு லாஸ் வேகாஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார், மற்ற நால்வருக்கு அங்கேயே சிகிச்சை. மருத்துவ ஹெலிகாப்டர் வரவில்லை. 49 டிகிரிக்கு மேல் காற்று அவ்வளவு இளகிவிடுவதால் பொதுவாக அவை பத்திரமாகப் பறக்க முடியாது. இவ்வளவு சூட்டில் பைக் ஓட்டிக்கொண்டே உடம்பைக் குளிர்விக்க முடியாது என்று அப்போது பூங்கா நிர்வாகமே எடுத்துச் சொன்னது. பைக் என்பது நாலு பக்கமும் ஜன்னல் திறந்த கார். அவர்களுக்கும் காற்றுக்குக் குறைவில்லை.

அந்தக் காலத்தில் எப்படிப் போனார்கள்

பேக்கார்டு நிறுவனம் 1939 கடைசியில் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே காரில் ஏசி பொருத்தியது. அது எல்லோர் காருக்கும் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை இந்தப் பாலைவனத்தை மக்கள் ஏசி இல்லாமல்தான் கடந்தார்கள், ஆனால் மதியத்தில் இல்லை. இருட்டிய பிறகு கிளம்பி, விடிவதற்குள் கடந்துவிடுவார்கள். பம்பரில் கித்தான் தண்ணீர்ப் பை ஒன்று தொங்கும். துணியில் கசியும் நீர் காற்றில் உலர்ந்து, உள்ளே இருக்கும் தண்ணீர் மண்பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும். 1950களில் ஜன்னல் கண்ணாடியில் மாட்டும் உருளை வடிவக் கூலர் பிரபலம். உள்ளே ஈர மெத்தை, முன்பக்கம் காற்று புகும் வாய். நம் வீட்டு ஏர் கூலரின் தாத்தா.

இந்த இரண்டு சாமான்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே விஷயம். 52 டிகிரி, ஈரப்பதம் 5 சதவீதம் என்றால், காற்றில் காட்டிய ஈரத்துணி சுமார் 22 டிகிரிக்கு இறங்கிவிடும். முப்பது டிகிரி வித்தியாசம், மின்சாரம் இல்லாமல்! இதே வித்தையைச் சென்னையில் காட்ட முடியாது, ஈரக்காற்று விடாது. ஒரு லிட்டர் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டால் அது ஒரு லிட்டர் வேர்வையின் வேலையைச் செய்யும், உடம்புக்குள் இருக்கும் நீரும் உப்பும் மிஞ்சும். அப்போதுதான் திறந்த ஜன்னல் நமக்கு வேலை செய்யத் தொடங்கும். துணி பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். தலைக்கு ஈரத்துண்டு, முழுக்கை பருத்திச் சட்டை. பனியனோடு உட்காருவது அங்கே தப்பு.

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது கொண்டுபோகச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். அது குடிக்க. நனைக்க இன்னொரு 10 லிட்டர் டிக்கியில் கிடக்கட்டும் என்பேன் நான். வண்டிக்குள் அது தேநீர்ச் சூட்டுக்கு வந்துவிடும், பரவாயில்லை, சட்டையில் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் குளிர்ந்துவிடும்.

ஏசி நின்ற அந்த நிமிடம்

ஏசி ஆடம்பரமா, அவசியமா என்ற பழைய வாக்குவாதத்துக்கு இந்தியாவில் இப்போது ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். 2016 மே 19 அன்று 51 டிகிரியைத் தொட்ட ராஜஸ்தானின் பலோடி வழியாக லாரி ஓட்டியவர்களைக் கேட்டால் இது எவ்வளவு தாமதம் என்று சொல்வார்கள். ஆனால் ஏசி இருப்பதும் அது நின்றால் என்ன செய்வது என்று தெரிந்திருப்பதும் வேறு வேறு.

வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டுப் போகாதே என்பது எல்லோரும் சொல்லும் விதி. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நான்கு சுற்றுலாப் பயணிகளின் வாடகை வேன் இதே பூங்காவின் தென்மூலையில், அன்வில் கேன்யன் மணலில் டயர்கள் கிழிந்து நின்றது. அவர்கள் நடந்து கிளம்பினார்கள். வேன் அக்டோபரில் கிடைத்தது. எலும்புகள் 2009இல்தான் கிடைத்தன.

ஆனால் வண்டி ஓடுகிறது, ஏசி மட்டும் போய்விட்டது என்றால் அந்த விதி பொருந்தாது. அங்கேயே நிற்கக் கூடாது, இருட்டட்டும் என்று காத்திருப்பதும் வீண். 36 டிகிரிக்குக் கீழே போகாத இரவு என்ன ஓய்வு தரும்? போக வேண்டிய இடத்துக்கு எப்படியாவது போய்ச் சேருவோம் என்று பள்ளத்தாக்கின் தரையிலேயே ஓட்டிக்கொண்டிருப்பதும் ஆபத்து. தெம்பும் தெளிவும் இருக்கும் முதல் கால்மணி நேரத்திலேயே துணியை நனைத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கிவிட வேண்டும். வறண்ட காற்று ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். ஏசி ஓடாததால் என்ஜினுக்கும் ஏற்றத்தில் சுமை குறைவு.

வடக்கு நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே பிரியும் சாலை ஒன்று டேலைட் கணவாய்க்கு ஏறி நெவாடாவின் பீட்டி ஊருக்குப் போகிறது. கணவாயின் உயரம் 1,316 மீட்டர். பள்ளத்தில் 52 இருக்கும்போது அங்கே 40 வாக்கில் இருக்கும். நாற்பது என்றால் நம் ஊர் மே மாதம். சட்டையை நனைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து போட்டு ஓட்டலாம்.